இலாபத்திற்குக் கீழே வரும் வரிகள்: ஏனைய முற்றடக்க வருமானத்தை விளங்கிக் கொள்ளல்

வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் கற்கும் மாணவர்களே, சொத்துக்கள் = பொறுப்புக்கள் + உரிமையாண்மை என்னும் சமன்பாடு உங்களுக்கு மனப்பாடம். ஓராண்டில் உரிமையாண்மை ஏன் மாறியது என்று கேட்டால் விடையும் உங்களிடம் தயாராக இருக்கும். உரிமையாளர் புதிதாக மூலதனம் இட்டால் கூடும், பற்று எடுத்தால் குறையும். இலாபம் வந்தால் கூடும், நட்டம் வந்தால் குறையும். தனி வியாபாரியின் கடைக்கு இவ்வளவும் போதும். பதுளை கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையின் கணக்கை இதை வைத்தே முடித்துவிடலாம்.

இப்பொழுது ஒரு கம்பனியின் கணக்கை நோக்குவோம். ஊவாவில் தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கற்பனைக் கம்பனி என வைத்துக்கொள்வோம். தொகைகள் யாவும் மில்லியன் ரூபாவில், விளக்கத்திற்காக நாம் அமைத்துக் கொண்டவை. ஆண்டின் தொடக்கத்தில் உரிமையாண்மை 500. ஆண்டிற்கான இலாபம் 30. பங்குதாரருக்குச் செலுத்திய பங்கிலாபம் 12. புதிய பங்குகள் எதுவும் வழங்கப்படவில்லை. அப்படியானால் ஆண்டிறுதி உரிமையாண்மை எவ்வளவு?

500 + 30 − 12 = 518 என்று எழுதுவீர்கள். ஆனால் அக்கம்பனியின் நிதி நிலைமைக் கூற்றில் 428 என்றே இருக்கிறது. 90 மில்லியன் ரூபாவைக் காணவில்லை. யாரும் களவாடவில்லை, கணக்கும் பிழைக்கவில்லை. இலாபம் என்ற வரியோடு வாசிப்பை நிறுத்தியதே காரணம். அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் உள்ளன. அவற்றின் பெயரே ஏனைய முற்றடக்க வருமானம். சில நூல்களில் இதனை ஏனைய விரிவான வருமானம் எனவும் எழுதுவர், இரண்டும் ஒன்றே.

சாதாரண தர வினாத்தாளில் இப்பெயர் நேரடியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் கணக்கீடு எடுப்போர் இதனைச் சந்தித்தே ஆகவேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் எவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவராயின், அவருக்குக் கம்பனி கொடுக்க வேண்டிய பணத்தின் ஒரு பகுதி இவ்வரிகளில்தான் கூடியும் குறைந்தும் தெரிகிறது.

கூற்றின் அமைப்பு

பழைய முறையில் இலாபநட்டக் கணக்கு இலாபத்தோடு முடிந்துவிடும். சர்வதேச மட்டத்தில் 2007 இல் திருத்தப்பட்ட நியமம் இதனை மாற்றியது. இலங்கையில் 2012 ஜனவரி 1 முதல் சர்வதேச நியமங்களோடு இணைந்த புதிய கணக்கீட்டு நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னர் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் இக்கூற்று இரண்டு படிகளாக அமைகிறது. நமது கற்பனைக் கம்பனியின் கூற்று இவ்வாறு இருக்கும்:

வருமானம்: 2,400
விற்பனைக் கிரயம்: (2,250)
மொத்த இலாபம்: 150
ஏனைய வருமானம்: 40
நிருவாகச் செலவு: (90)
நிதிச் செலவு: (60)
வரி: (10)
ஆண்டிற்கான இலாபம்: 30

ஏனைய முற்றடக்க வருமானம்:
காணி மீள்மதிப்பீட்டு மிகை: 20
பணிக்கொடைப் பொறுப்பின் மதிப்பீட்டு நட்டம்: (110)
ஏனைய முற்றடக்க வருமானம், மொத்தம்: (90)

ஆண்டிற்கான மொத்த முற்றடக்க வருமானம்: (60)

காணாமற் போன 90 இங்கே இருக்கிறது. 500 + 30 − 90 − 12 = 428. (ஏனைய முற்றடக்க வருமானத்தின் மீதான வரியை எளிமைக்காக விட்டுவிட்டோம்.)

ஒன்றைக் கவனியுங்கள். மேலே "ஏனைய வருமானம்" என்று ஒரு வரி, கீழே "ஏனைய முற்றடக்க வருமானம்" என்று இன்னொரு வரி. மாணவர்கள் குழம்பும் இடம் இதுவே. ஏனைய வருமானம் என்பது வாடகை, பழைய இயந்திரத்தை விற்ற இலாபம் முதலியன. அது இலாபத்திற்குள் அடங்கும். ஏனைய முற்றடக்க வருமானம் இலாபத்திற்குள் அடங்காது. நான் கலைப் பட்டதாரி. எண்ணுக்கு முன் சொல்தான் என் கண்ணில் படும். இச்சொற்றொடரில் "வருமானம்" என்ற சொல்லே மாணவரை ஏமாற்றுகிறது என்பது என் அபிப்பிராயம். அடைப்புக்குறிக்குள் (90) என்று வந்தால் அது நட்டமே. ஆனாலும் தலைப்பு வருமானம் என்றே நிற்கும்.

சரி, எது மேலே போகும், எது கீழே போகும்? கம்பனியின் அந்த ஆண்டு உழைப்பின் பலன் மேலே போகும். சொத்தின் அல்லது பொறுப்பின் பெறுமதி மாறியதால் மட்டும் வந்த, இன்னும் பணமாகாத சில இலாப நட்டங்கள் கீழே போகும். "சில" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். எல்லாப் பெறுமதி மாற்றமும் கீழே போவதில்லை. எவை போகலாம் என்று நியமங்களே குறிப்பிட்டுக் கூறுகின்றன. கம்பனி தன் விருப்பப்படி ஒரு நட்டத்தை இங்கே ஒதுக்கிவிட முடியாது.

காணியின் விலை ஏறினால்

முதலில் எளியதைப் பார்ப்போம். நமது கம்பனிக்குப் பதுளை நகரில் பண்டகசாலையுடன் சொந்தக் காணி ஒன்று உண்டு. வாங்கிய கிரயம் 15 மில்லியன். மதிப்பீட்டாளர் இப்போது 35 மில்லியன் என மதிப்பிடுகிறார். காணியை விற்கவில்லை, கையில் ஒரு சதமும் வரவில்லை. ஆனாலும் கம்பனி மீள்மதிப்பீட்டு முறையைப் பின்பற்றுவதாயின் 20 மில்லியனைப் பதிய வேண்டும்.

காணிக் கணக்கு, வரவு 20
மீள்மதிப்பீட்டு ஒதுக்கம், செலவு 20

இந்த 20 இலாபத்தினூடாகச் செல்லாமல், ஏனைய முற்றடக்க வருமானமாகக் காட்டப்பட்டு, உரிமையாண்மையில் மீள்மதிப்பீட்டு ஒதுக்கம் என்ற பெயரில் தனியாக நிற்கும். இதனை இலாபத்தோடு கலந்திருந்தால் 30 என்பது 50 ஆகியிருக்கும். முகாமையாளர் அவ்வாண்டு தேயிலையில் திறமை காட்டினார் என்று பங்குதாரர் எண்ணியிருப்பர். உண்மையில் அவர் செய்தது ஒன்றுமில்லை. நகரத்தில் காணி விலை ஏறியது, அவ்வளவே.

பின்னர் விலை 28 ஆக இறங்கினால், 7 ஐ அதே ஒதுக்கத்திலிருந்து கழித்து ஏனைய முற்றடக்க வருமானத்தில் நட்டமாகக் காட்டுவர். 10 ஆக இறங்கினால்? ஒதுக்கத்தில் இருந்த 20 மட்டுமே அங்கே கழியும். வாங்கிய கிரயத்திற்கும் கீழே சென்ற 5 ஆண்டின் இலாபத்தைக் குறைக்கும். ஏறும்போது கீழ்ப்பகுதி, கிரயத்திற்குக் கீழ் இறங்கும்போது மேற்பகுதி என்று நினைவில் வையுங்கள்.

"அப்படியானால் தோட்டத்துக் காணி முழுவதையும் மீள்மதிப்பீடு செய்தால் கம்பனிக்குப் பெரிய தொகை வருமே?" என்று ஒருவர் கேட்கலாம். வராது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. அரச நிறுவனங்களான ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்திவந்தன. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் காணியின் உரிமை மாறவில்லை. கம்பனிகள் பெற்றது குத்தகையே. அக்குத்தகை 2045 வரை செல்கிறது. கம்பனியின் கணக்கில் இருப்பது காணியைப் பயன்படுத்தும் உரிமை. அதனை ஆண்டுதோறும் தேய்த்து எழுதுகிறார்களே தவிர, தம் காணியாக விலை ஏற்றிக் காட்டுவதில்லை. லயம் நிற்கும் மண்ணின் விலை எவ்வளவு ஏறினாலும் அது கம்பனியின் மீள்மதிப்பீட்டு மிகை ஆகாது.

பணிக்கொடை: இப்பாடத்தின் மையம்

தோட்டக் கம்பனிகளின் ஏனைய முற்றடக்க வருமானத்தில் பெரும்பாலும் கண்ணில் படுவது பணிக்கொடை தொடர்பான வரி. சேவைக்காலக் காசு என்று நம் வீடுகளில் பேசப்படுவது இதுவே.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம் கூறுவது இது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட தொழில் வழங்குநரிடம் 5 ஆண்டுகளாவது சேவை செய்தவர், வேலையை விட்டு நீங்கும்போது பணிக்கொடை பெற உரித்துடையவர். மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளம் பெறும் தொழிலாளர் போன்றோருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். சேவை முடிந்து 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும்.

எந்த நாட்சம்பளம்? இறுதியாகப் பெற்ற சம்பளம். முழுச் சிக்கலும் இங்குதான் பிறக்கிறது.

20 ஆண்டு சேவை செய்த ஒரு கொழுந்து பறிக்கும் தொழிலாளியை எடுப்போம். 2019 இல் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அதன்படி 700 × 14 × 20 = 196,000 ரூபா. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் அடிப்படைச் சம்பளம் 900 ரூபா ஆனது. (அதனோடு சேர்ந்த 100 ரூபா கொடுப்பனவைக் கணக்கை எளிமையாக்குவதற்காக விட்டுவிடுவோம்.) அப்போது 900 × 14 × 20 = 252,000 ரூபா. 2024 இல் அது 1,350 ரூபாவாக உயர்ந்தது. அப்போது 1,350 × 14 × 20 = 378,000 ரூபா.

சம்பளம் உயர்ந்த நாளிலிருந்து செய்யும் வேலைக்கு மட்டும் பணிக்கொடை உயரவில்லை என்பதைக் கவனியுங்கள். 20 ஆண்டுகளுக்கு முன்னர் பறித்த கொழுந்துக்கும் சேர்த்தே உயர்ந்துவிட்டது. 900 இலிருந்து 1,350 ஆனபோது ஒருவருக்கான வித்தியாசம் 126,000 ரூபா. இதே சேவைக்காலம் உடைய 1,000 பேர் இருந்தால் 126 மில்லியன் ரூபா. சம்பள உயர்வுச் செய்தி வந்ததும் கம்பனிகள் கலங்குவதற்குச் செக்ரோலில் விழும் அன்றாடச் சம்பளம் மட்டும் காரணமன்று. பின்னால் நிற்கும் இந்தப் பழைய ஆண்டுகளும் காரணம். இதற்கென வெளியே தனி நிதியம் வைக்காமல், பொறுப்பாக மட்டும் கணக்கில் காட்டுவதே தோட்டக் கம்பனிகளில் வழக்கமாகக் காணப்படுகிறது. ஆகவே கொடுக்கும் நாளில் கம்பனியின் கையிலிருந்தே பணம் வரவேண்டும்.

ஆனால் 126 மில்லியன் அப்படியே புத்தகத்தில் ஏறுவதில்லை. இத்தொழிலாளர் எல்லோரும் நாளையே ஓய்வு பெறுவதில்லை. ஒருவர் இன்னும் 3 ஆண்டில் போவார், இன்னொருவர் 15 ஆண்டில் போவார். ஆகவே இதற்கெனப் பயின்ற அக்சுவரி என்னும் கணிப்பாளர், எத்தனை பேர் இடையில் விலகுவர், சம்பளம் ஆண்டுக்கு எத்தனை வீதம் உயரும், வட்டி வீதம் என்ன என்று எடுகோள்களை வைத்து, இன்றைய பெறுமதியைக் கணிக்கிறார். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 19 இதற்கான விதிகளைத் தருகிறது.

அக்கணிப்பு மூன்று துண்டுகளாகப் பிரிகிறது. இவ்வாண்டு தொழிலாளர் செய்த வேலைக்காகப் புதிதாகச் சேர்ந்த பணிக்கொடை முதலாவது. அது இவ்வாண்டின் செலவு, இலாபத்தைக் குறைக்கும். பழைய பொறுப்பு ஓராண்டு நெருங்கி வந்ததால் ஏறும் வட்டி இரண்டாவது. அதுவும் இலாபத்தைக் குறைக்கும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. கணிப்பாளர் சென்ற ஆண்டு எடுத்த எடுகோள் பொய்த்துப் போனதால் வரும் வித்தியாசம் அது. சம்பளம் ஆண்டுக்கு ஒரு சிறு வீதமே உயரும் என்று அவர் வைத்திருந்தார். ஒரேயடியாக 900 இலிருந்து 1,350 ஆகிவிட்டது. 450 ஐ 900 ஆல் வகுத்தால் 50 சதவீத உயர்வு. எடுகோளை மிஞ்சிய அந்தப் பங்கு மதிப்பீட்டு நட்டமாகி, ஏனைய முற்றடக்க வருமானத்தில் கழிக்கப்படும்.

மதிப்பீட்டு நட்டம் (ஏனைய முற்றடக்க வருமானம்), வரவு 110
பணிக்கொடைப் பொறுப்பு, செலவு 110

நமது கூற்றில் இருந்த 110 இதுவே. இதனால்தான் 30 மில்லியன் இலாபம் பெற்ற கம்பனி, மொத்தத்தில் 60 மில்லியன் இழந்ததாகக் காட்டுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். தொழிலாளிக்கு நிச்சயமாகக் கொடுக்கவேண்டிய பணம் கூடியிருக்கிறது. அதை ஏன் இலாபத்தில் கழிக்கவில்லை? நியமத்தின் பதில், இது இவ்வாண்டு தேயிலை உற்பத்தியின் செலவு அன்று, பல ஆண்டுகளுக்குரிய பொறுப்பை மறுபடி அளந்ததால் வந்த மாற்றம் என்பது. அப்பதில் ஏற்கத்தக்கதே. ஆனால் இலாபம் என்ற வரியை மட்டும் வாசிப்பவர் அந்த 110 ஐக் காணமாட்டார். கடன் உண்மையானது. அதைப் பெறவேண்டியவர் மலையில் கூடையோடு நிற்கிறார்.

வட்டி ஏறினால் கடன் குறையுமா?

அடுத்து வருவது கொஞ்சம் விசித்திரமானது. மெதுவாக வாசியுங்கள்.

10 ஆண்டுகள் கழித்து 378,000 ரூபா கொடுக்க வேண்டும் என வைப்போம். இன்று எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைத்தால் அது வட்டியோடு வளர்ந்து அத்தொகை ஆகும்? ஆண்டு வட்டி 10 சதவீதமாயின் ஏறத்தாழ 145,700 ரூபா வேண்டும். வட்டி 20 சதவீதமாயின் ஏறத்தாழ 61,000 ரூபாவே போதும். கூட்டு வட்டிப் பாடத்தை நினைவு கூர்ந்து நீங்களே சரி பாருங்கள்: 145,700 ஐ 1.1 ஆல் பத்துத் தடவை பெருக்குங்கள். 61,000 ஐ 1.2 ஆல் பத்துத் தடவை பெருக்குங்கள். இரண்டும் 378,000 ஐ நெருங்கும்.

கொடுக்கவேண்டிய தொகை மாறவில்லை. கொடுக்கும் நாளும் மாறவில்லை. ஆயினும் வட்டி ஏறியதும் இன்றைய பெறுமதி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் நாட்டில் இதற்கான கழிவு வீதத்தை அரசாங்கப் பிணையங்களின் வட்டியை ஒட்டியே எடுக்கின்றனர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தையும் கடந்தது. கணிப்பில் நீண்டகாலப் பிணையங்களின் வட்டியே முக்கியம். அவையும் அக்காலத்தில் உயர்ந்தே நின்றன. பொருட்களின் விலை கடுமையாக உயர்ந்து, நம் வீடுகளில் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அதே ஆண்டில், கழிவு வீதம் ஏறிய காரணத்தால் மட்டும் ஒரு கம்பனியின் பணிக்கொடைப் பொறுப்பு கணக்கில் சுருங்கி, ஏனைய முற்றடக்க வருமானத்தில் இலாபம் தோன்றக்கூடும். ஒரு கிலோ தேயிலை கூடுதலாக விற்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் வட்டி இறங்கியபோது இதற்கு எதிர்மாறாக, பொறுப்பு மறுபடி வீங்கும்.

சம்பள உயர்வு வீதம் பற்றிய எடுகோளும் அக்காலத்தில் கூடியிருந்தால் விளைவின் ஒரு பகுதி சமப்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டில் எது பலமானது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆண்டறிக்கையின் குறிப்புகளில், வட்டி 1 சதவீதம் மாறினால் பொறுப்பு எவ்வளவு மாறும் என்ற சிறு அட்டவணை இருக்கும். இந்தச் சிக்கலுக்கு நியமம் கொடுத்த மருந்து அதுவே.

இத்தகைய ஏற்ற இறக்கம் இலாபத்திற்குள் விழுந்திருந்தால் ஓராண்டு பெரும் இலாபம், மறு ஆண்டு பெரும் நட்டம் என்று தோட்டத்தின் உண்மை நிலை தெரியாமல் போயிருக்கும். தனி வரிகள் வைத்ததன் நியாயம் வேறு எந்த உதாரணத்தையும் விட இதில்தான் நன்றாக விளங்குகிறது.

இங்கே வராதவை

ஊழியர் சேமலாப நிதியை எடுங்கள். தொழில் வழங்குநர் 12 சதவீதம், தொழிலாளி 8 சதவீதம் செலுத்துவது அடிப்படை விதி. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநர் 3 சதவீதம் செலுத்துவார். பணத்தை மாதாமாதம் செலுத்தியதும் கம்பனியின் கடமை முடிந்தது. எதிர்காலத்தை ஊகிக்க வேண்டியதில்லை. ஆகவே மதிப்பீட்டு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இது முழுவதும் சாதாரணச் செலவே. பணிக்கொடையையும் சேமலாப நிதியையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும் காலத்தில் ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணமும், அதற்குக் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் விலையும் வருமானமே. அதில் ஐயம் இல்லை.

மரத்தில்தான் பலர் இடறுவர். தோட்டத்து எல்லைகளில் விறகுக்கும் பலகைக்கும் வளர்க்கும் யூக்கலிப்டஸ் மரங்கள் இன்னும் வெட்டப்படவில்லை. ஓராண்டு வளர்ந்து பெறுமதி கூடிவிட்டன. பணமாகாத இலாபம் ஆயிற்றே, கீழே போடுவோமா? இல்லை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 41 இன்படி அது இலாபத்திற்குள்ளேயே செல்லும். நமது கூற்றில் உள்ள ஏனைய வருமானம் 40 இல் இப்படிப்பட்ட மர வளர்ச்சி 25 இருப்பதாக எண்ணிப் பாருங்கள். அதை நீக்கினால் வரிக்குப் பின்னான 30 இலாபம் 5 ஆகிவிடும். தேயிலைச் செடிக்கோ வேறு விதி: அது ஆண்டாண்டு காலம் கொழுந்து தரும் செடி ஆதலால், 2016 முதல் இயந்திரத்தைப் போலக் கிரயத்தில் காட்டித் தேய்மானம் இட இடமளிக்கப்பட்டுள்ளது.

விற்காத காணியின் ஏற்றம் கீழே, வெட்டாத மரத்தின் ஏற்றம் மேலே. ஏன் இப்படி என்று கேட்டால் திருப்தியான ஒரே பதில் இல்லை. கணக்கீட்டு அறிஞரிடையேயே இது விவாதத்துக்குரியது. 2018 இல் சர்வதேச நியமச் சபை வெளியிட்ட கருத்துருச் சட்டகம், இலாபநட்டமே முதன்மையானது, விதிவிலக்கான சந்தர்ப்பங்களிலேயே ஏனைய முற்றடக்க வருமானம் என்றது. ஆகவே இப்பகுதியில் முழுமையான தருக்கத்தைத் தேடிக் களைத்துப் போகாமல், பட்டியலை நினைவில் வைப்பதே பரீட்சைக்கு நல்லது.

பட்டியலில் இன்னும் சில உண்டு, சுருக்கமாகவே சொல்கிறேன். நீண்டகாலம் வைத்திருக்கும் நோக்குடன் வாங்கிய பங்குகளின் விலை மாற்றத்தை, கம்பனி தொடக்கத்திலேயே அவ்வாறு தெரிவு செய்திருந்தால், இங்கே காட்டலாம். தேயிலை ஏற்றுமதி செய்யும் கம்பனிக்கு வெளிநாட்டில் துணைக் கம்பனி இருந்தால், அதன் கணக்கை ரூபாவுக்கு மாற்றும்போது வரும் வித்தியாசம் இங்கே வரும். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவளவில் இருந்து சில வாரங்களில் 300 ஐத் தாண்டியபோது இவ்வரி பெருத்திருக்கும். ஆனால் கம்பனி தானே டொலரில் விற்று, பணம் கிடைக்கும்வரை காத்திருந்ததால் வந்த செலாவணி இலாபம் மேலேயே போகும்.

இவற்றுள் ஒரு பிரிவு உண்டு. வெளிநாட்டுத் துணைக் கம்பனியை விற்றுவிட்டால், அதுவரை கீழே சேர்ந்த வித்தியாசம் எடுக்கப்பட்டு இலாபத்திற்குள் கொண்டுவரப்படும். இதனை மீள்வகைப்படுத்தல் என்பர். காணி மிகைக்கும் பணிக்கொடை வித்தியாசத்திற்கும் அந்த வழி அடைக்கப்பட்டுள்ளது. அவை ஒருபோதும் இலாப வரிக்கு ஏறி வரமாட்டா. காணியை விற்றாலும் அதன் மிகை ஒதுக்கத்திலிருந்து நிறுத்திவைத்த இலாபத்திற்கு நேராக மாற்றப்படலாமே தவிர, அவ்வாண்டின் இலாபமாகாது. பங்கொன்றிற்கான உழைப்பைக் கணிக்கும்போதும் ஏனைய முற்றடக்க வருமானம் சேர்க்கப்படாது.

செய்தியை வாசிக்கும் முறை

தோட்டச் சம்பளப் பேச்சுவார்த்தைக் காலங்களில் பத்திரிகைகளில் "கம்பனிகளுக்கு நட்டம்" என ஒரு தரப்பும் "கோடிக்கணக்கில் இலாபம்" என மறுதரப்பும் கூறுவதைக் காண்கிறோம். நமது கற்பனைக் கம்பனியை வைத்தே இரண்டையும் சொல்லலாம்; இரண்டும் பொய்யாகாது. 30 மில்லியன் இலாபம் என்பவர் முதற்படியை வாசிக்கிறார். 60 மில்லியன் நட்டம் என்பவர் இறுதி வரியை வாசிக்கிறார். இருவரிடமும் நாம் கேட்கவேண்டியது, எந்த வரியை வாசித்தீர்கள், அதில் மர வளர்ச்சி எவ்வளவு, பணிக்கொடை மதிப்பீடு எவ்வளவு என்பதே. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியற்படுத்தப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எவரும் பார்க்கக்கூடியவை. எனது கருத்தில், கம்பனியின் தொழில் எப்படி நடக்கிறது என்றறிய முதற்படியை வாசிக்க வேண்டும். ஓய்வு பெறுவோரின் பணம் எவ்வளவு சேர்ந்து நிற்கிறது என்றறிய இரண்டாம் படியையும் நிதி நிலைமைக் கூற்றின் பொறுப்புப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும்.

பயிற்சி

1. ஒரு கம்பனியின் தொடக்க உரிமையாண்மை 820 மில்லியன், ஆண்டிற்கான நட்டம் 15, காணி மீள்மதிப்பீட்டு மிகை 60, பணிக்கொடை மதிப்பீட்டு இலாபம் 25, பங்கிலாபம் இல்லை. மொத்த முற்றடக்க வருமானமும் இறுதி உரிமையாண்மையும் யாவை?

விடை: ஏனைய முற்றடக்க வருமானம் 60 + 25 = 85. மொத்த முற்றடக்க வருமானம் 85 − 15 = 70. இறுதி உரிமையாண்மை 890 மில்லியன்.

2. மேற்படி கம்பனி அவ்வாண்டில் "70 மில்லியன் உழைத்தோம்" என்று கூறுவது சரியா?

விடை: உரிமையாண்மை 70 மில்லியனால் கூடியது சரி. ஆனால் தொழிலில் 15 மில்லியன் நட்டம். 85 மில்லியன் பெறுமதி மாற்றத்தால் வந்தது. அதில் எதுவும் அவ்வாண்டில் பணமாக வரவில்லை.

3. நாட்சம்பளம் 1,350 ரூபா பெறும் ஒரு தொழிலாளி 27 ஆண்டு சேவையின் பின் ஓய்வு பெறுகிறார். பணிக்கொடை எவ்வளவு?

விடை: 1,350 × 14 × 27 = 510,300 ரூபா. விடையைச் சரிபார்த்த பின், வீட்டில் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர் இருப்பின் அவரது சேவை ஆண்டுகளையும் நாட்சம்பளத்தையும் கேட்டு, இதே கணக்கை ஒருமுறை செய்து அவரிடம் காட்டுங்கள். தொடர் சேவை எந்த ஆண்டிலிருந்து பதியப்பட்டுள்ளது என்பதையும் தோட்ட அலுவலகத்தில் விசாரித்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.